அல்பைன் மெஷினுக்குக் கிளவுட்-இனிட் வேண்டுமா?

கேள்வி: அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸில் அரை ஜிபி ரேம் உள்ள சின்ன மெஷின்களில் அல்பைன் லினக்ஸ் ஓட்டுகிறேன். முதல் பூட்டில் எஸ்எஸ்எச் கீ, ஹோஸ்ட்நேம், ஒரு ஸ்கிரிப்ட், இவ்வளவுதான் தேவை. இதற்காக, முதல் பூட்டில் மெஷினை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட்டையும் அது ஓடத் தேவையான பைத்தானையும் சுமக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். அல்பைன்காரர்களே இதற்காக டைனி-கிளவுட் என்று ஒன்றை எழுதியிருக்கிறார்கள். முழுக்க ஷெல் ஸ்கிரிப்ட். அல்பைனில் ஏற்கெனவே இருக்கும் பிஸிபாக்ஸ் என்ற கருவித் தொகுப்போடு சில சின்னக் கருவிகள் போதும். 169.254.169.254 என்ற முகவரியில் கிளவுட் தரும் மெட்டாடேட்டாவை (அந்த மெஷினைப் பற்றிய விவரங்களை) படித்து, கீயைப் போட்டு, ஹோஸ்ட்நேம் வைத்து, ரூட் டிஸ்க்கை விரித்து, உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஓடுகிற மெஷினில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிச் சிரமப்படாதீர்கள். அல்பைன் தளத்தில் கிளவுட் இமேஜ்கள் இரண்டு வகையிலும் கிடைக்கின்றன. பெயரில் 'டைனி' என்று இருப்பதை எடுத்துப் புதிதாக ஏற்றுங்கள்.

மாறும் முன் உங்கள் யூசர்-டேட்டாவின் (மெஷினை ஏற்றும்போது நீங்கள் கொடுக்கும் ஸ்கிரிப்ட் அல்லது கான்ஃபிக்) முதல் வரியைப் பாருங்கள். அங்கே பாஷ் என்று இருந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது, ஏனென்றால் அல்பைனில் பாஷ் இயல்பாக இருக்காது. அதை பின்-எஸ்எச் என்று மாற்றி, பாஷுக்கே உரிய அர்ரே, இரட்டைச் சதுர அடைப்பு போன்றவற்றையும் எடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டுக்குப் பதிலாக நீளமான யாமல் கான்ஃபிக் வைத்திருந்தால் யோசியுங்கள். கிளவுட்-இனிட்டின் மொத்த மாட்யூல்களும் டைனி-கிளவுட்டில் கிடையாது. அவற்றை நம்பியிருப்பவர்கள் கிளவுட்-இனிட்டிலேயே இருப்பதுதான் நல்லது. பைத்தான் பிடிக்கும் இடம் அதற்கான நியாயமான விலை.

ஸ்கிரிப்ட் என்ன ஆனது என்று தெரிய, வார்-லாக் கோப்புறையில் யூசர்-டேட்டா.லாக் கோப்பைத் திறங்கள். பக்கத்திலேயே .எக்ஸிட் என்று முடியும் கோப்பில் எக்ஸிட் கோட் இருக்கும். 0 இல்லை என்றால் ஸ்கிரிப்டில்தான் கோளாறு.

பலரும் மாட்டிக்கொள்கிற இடம், ஓடுகிற மெஷினிலிருந்து புது மெஷின்களுக்கான இமேஜ் எடுக்கும்போதுதான். முதல் பூட் முடிந்ததும் டைனி-கிளவுட் வார்-லிப்-கிளவுட் கோப்புறையில் 'பூட்ஸ்ட்ராப்-கம்ப்ளீட்' என்ற மறைகோப்பை வைத்துவிடும். அது இருக்கும் வரை முதல் பூட் வேலைகளை மறுபடி செய்யாது. அந்த மெஷினை அப்படியே இமேஜாக்கினால், அதிலிருந்து பிறக்கும் புது மெஷின்கள் பழைய ஹோஸ்ட்நேமோடு, புதுக் கீ இல்லாமல் எழும். ஆகவே இமேஜ் எடுக்கும் முன் 'டைனி-கிளவுட் --பூட்ஸ்ட்ராப் இன்கம்ப்ளீட்' என்று கட்டளை கொடுங்கள். அப்புறம், எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளையும் அழித்துவிடுங்கள். அடுத்த முறை எஸ்எஸ்எச்டி எழும்போது புதிதாக உருவாக்கிக்கொள்ளும். விட்டுவிட்டால் எல்லா மெஷின்களும் ஒரே ஹோஸ்ட் கீயோடு நிற்கும், அது பாதுகாப்பு ஓட்டை.

ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்றுவதற்கு முன், கிளவுட் இல்லாமலே ஓடும் நோகிளவுட் இமேஜை எடுத்து, சிஐடேட்டா என்று லேபிளிட்ட ஒரு சின்ன ஐஎஸ்ஓவில் உங்கள் யூசர்-டேட்டாவையும் மெட்டா-டேட்டாவையும் வைத்து, கெமு என்ற மெய்நிகர் மெஷின் மென்பொருளில் ஒரு தடவை பூட் செய்து பாருங்கள். பாஷ் பிரச்சினை இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே தெரிந்துவிடும்.