கூட்டும்போது அலகு காணாமல் போகிறதே!

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மீனவர்கள் பாகக் கணக்கில் (பாகம் என்பது ஆழம் சொல்லும் ஒரு நீள அலகு) சொல்லும் கடல் ஆழங்களைச் சேமிக்க, பைத்தானில் 'ஆழம்' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். உள்ளே ஒரு நம்பை அரே (நம்பை என்பது பைத்தானின் எண் கணக்கு நூலகம், அரே அதன் எண் வரிசை), கூடவே அலகு. வரைபடம் போட, எண்களை மட்டும் அரேயாகத் தரும் __அரே__ மெத்தடும் உண்டு. ஓதத்தை, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்கும் அளவைச் சேர்க்க, ஆழம் + ஓதம் என்றால் சரியாக வருகிறது. ஓதம் + ஆழம் என்று திருப்பிப் போட்டால் அலகு போய் வெறும் எண்கள் வருகின்றன. __ஆர்ஆட்__ எழுதியும் பயனில்லை. ஏன்?"

உங்கள் __ஆர்ஆட்__ சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதை யாரும் கூப்பிடவே இல்லை. கூட்டலின்போது பைத்தான் முதலில் இடப்பக்கத்துப் பொருளைக் கேட்கும். அது "என்னால் முடியாது" என்று நாட்இம்ப்ளிமென்டட் திருப்பினால்தான் வலப்பக்கத்து __ஆர்ஆட்__ பக்கம் போகும். இங்கே இடப்பக்கம் இருப்பது நம்பை அரே. அது உங்கள் பொருளிடம் __அரே__ இருப்பதைப் பார்த்து, எண்களை மட்டும் வாங்கிக் கூட்டிவிடுகிறது. வரைபடத்துக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் அலகு நழுவுகிறது.

சுருக்கமான தீர்வு ஒரே வரி: கிளாஸுக்குள் __அரே_யூஃபங்க்__ = நன் (பைத்தானில் 'எதுவுமில்லை') என்று எழுதுங்கள் (பெயர்களை நிரலில் ஆங்கில எழுத்தில் தட்டச்சுங்கள்). உடனே நம்பை அரே ஒதுங்கிக்கொள்ளும், உங்கள் __ஆர்ஆட்__ வேலை செய்யும். ஆனால் நம்பையின் ஆட், மேக்ஸிமம் போன்ற ஃபங்ஷன்களுக்கு (இவற்றைத்தான் யூஃபங்க் என்பார்கள்) ஆழத்தை நேராகக் கொடுத்தால் டைப்எரர் வரும்.

அதுவும் வேண்டுமென்றால் __அரே_யூஃபங்க்__ஐ மெத்தடாகவே எழுத வேண்டும். 2017இல் நம்பை 1.13 பதிப்பில் வந்த வசதி இது. எந்த ஃபங்ஷன், எந்த முறையில், எந்த உள்ளீடுகளோடு என்று எல்லாம் உங்கள் கைக்கு வரும். கூடவே என்டிஅரேஆபரேட்டர்ஸ்மிக்ஸினிலிருந்து கிளாஸை வருவித்தால் +, -, <, > எல்லாம் தானாக இங்கே வந்து சேரும். உள்ளே கணக்குப் போடும் முன் ஆழத்தைப் பிரித்து வெறும் அரேயை எடுத்துவிடுங்கள். மறந்து ஆழத்தையே திரும்பக் கொடுத்தால் மெத்தட் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு ரிகர்ஷன் எரரில் முடியும். விடையை எங்கே எழுதுவது என்று சொல்லும் அவுட் என்ற அளவுரு வந்தால் அது எப்போதும் டியூப்பிளாகத்தான் வரும்.

உண்மையான வேலை, எதைக் கூட்டக்கூடாது என்று முடிவு செய்வதுதான். ஆழம் 3 பாகம், ஓதம் 0.6 மீட்டர் என்று வையுங்கள். ஓதம் வெறும் அரேயாக வந்தால் உங்கள் கிளாஸ் 3.6 பாகம் என்று சொல்லிவிடும். பாகத்தை ஒரு ஃபாதம், அதாவது 1.8288 மீட்டர் என்று எடுத்தால், ஏறக்குறைய அரை மீட்டர் ஆழம் கூடுதலாகக் காட்டும். முகத்துவார மணல் திட்டில் படகின் அடி தட்ட அது போதும். அதனால் அலகில்லாத எண்ணைக் கூட்ட வந்தால் மறுத்து டைப்எரர் எழுப்புங்கள். ஓதத்துக்கும் அலகு கொடுத்தே கொண்டுவாருங்கள். வெறும் எண்ணால் பெருக்கலாம். ஆழத்தை ஆழத்தால் பெருக்கினால் வருவது பரப்பு, அதை ஆழம் என்று திருப்பிவிடாதீர்கள். > ஒப்பீட்டின் விடை ஆம், இல்லை மட்டுமே, அதில் அலகை ஒட்ட வேண்டாம்.

நம்பை அரேயின் கிளாஸான என்டிஅரேயையே தாயாக வைத்து ஆழத்தை எழுதலாமா என்றால், வேண்டாம் என்பேன். வெட்டும்போதும் நகலெடுக்கும்போதும் அலகைக் காப்பாற்ற __அரே_ஃபைனலைஸ்__ என்று இன்னொரு வேலை தலையில் விழும். இப்போது இருப்பதுபோல் அரே உள்ளேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று: அரேக்களை ஒட்டும் நம்பையின் கான்கேட்டனேட் யூஃபங்க் அல்ல. இரண்டு ஆழங்களை அதில் ஒட்டினால் மறுபடியும் __அரே__ வழியாக அலகு போய்விடும். அதற்கு __அரே_ஃபங்ஷன்__ தனியாக எழுத வேண்டும். அதுவரை ஒட்டுவதற்கு உங்கள் கிளாஸிலேயே ஒரு மெத்தட் வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும்போது கூட்டலை இரண்டு வரிசையிலும் போட்டுப் பாருங்கள். பெருக்கலுக்குச் சாதாரண 2 மட்டும் போதாது. ஓர் அரேயிலிருந்து எடுத்த ஒற்றை எண்ணை இடப்பக்கம் வைத்தும் பெருக்குங்கள். அது நம்பையின் ஃப்ளோட்64. பைத்தானின் ஃப்ளோட் வலப்பக்கத்துக்கு வழிவிடும், இது தானாக வழிவிடாது.