ஆறிப்போன பிரியாணிக்கு சர்வீஸ் சார்ஜா?

கேள்வி: எங்கள் ஏரியாவில் (திருச்சி) புதிதாக ஒரு ஏசி ரெஸ்டாரன்ட் திறந்திருக்கிறார்கள். போன ஞாயிறு இரவு, ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆர்டர் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து வந்த பிரியாணி ஆறிப்போயிருந்தது. மட்டன் சுக்காவில் ஒரு மாதிரி வாடை. சர்வரிடம் சொன்னால், “மசாலா வாசனை சார்” என்கிறார். பிள்ளைகள் தொடவே இல்லை. சாப்பாடு 2,400 ரூபாய், இரண்டு தண்ணீர் பாட்டில் 80 ரூபாய் (பாட்டிலில் போட்டிருந்தது 20), அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் ஜி.எஸ்.டி. மொத்தம் 2,864. “சர்வீஸ் சார்ஜ் கம்ப்யூட்டரில் தானாக வருவது” என்றார் கேஷியர். மைத்துனர் முன்னால் சண்டை எதற்கு என்று கட்டிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நீங்கள் நொந்துபோன விஷயத்துக்கு இல்லை.

முதலில் கேஷியரின் ‘தானாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். தானாக வரக் கூடாது என்பதுதான் விதியே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எந்த ஓட்டலும் சர்வீஸ் சார்ஜை பில்லில் தன்னிச்சையாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. உணவகச் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. வழிகாட்டுதல் செல்லும் என்று 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பு வந்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயிருக்கின்றன, அது வேறு கதை. டிப்ஸ் என்பது நாமாகக் கொடுப்பது. மசாலா வாசனை என்று சொன்னவருக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜ் 248 ரூபாய். அதையும் சேர்த்த தொகைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். அதாவது அந்த சார்ஜுக்கே 12 ரூபாய் 40 காசு வரி. ஆக 260 ரூபாய் 40 காசு உங்களுக்கு வர வேண்டும். முதலில் மேனேஜரிடம் பில்லைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். திறந்த முதல் மாதத்தில் எந்த முதலாளியும் புகாரை விரும்ப மாட்டார். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது. 260 ரூபாய்க்காக அத்தனை தூரம் அலைவீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

பில்லில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். அது இல்லாமல் வரி வாங்கியிருந்தால் அது தனிப் புகார். மற்றொன்று உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண். 2022 ஜனவரியிலிருந்து இது பில்லில் கட்டாயம்.

தண்ணீர் பாட்டிலை மறந்துவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. மேஜை, ஏசி, பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த விலையாம் அது. எனக்கும் எரிச்சல்தான். அடுத்த தடவை உட்கார்ந்ததுமே “சாதா தண்ணி வைங்க” என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது சுக்கா. ருசி சரியில்லை என்பது ஒன்று, கெட்டுப்போனது என்பது வேறொன்று. முதலாவதற்குப் புகார் போய் நிற்பது கடினம். ஆறிய பிரியாணியையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இரண்டாவது உணவுப் பாதுகாப்புத் துறை பார்க்க வேண்டியது. ஆனால் நாள் கடந்துவிட்டது; தட்டில் இருந்ததைக் கழுவி ஊற்றியிருப்பார்கள். வாடை வந்த அந்த நிமிடமே, மேலே ஒரு வாய் வைக்காமல், சர்வரை விட்டுவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். பில்லிலிருந்து அதை எடுக்கச் சொல்லவும் அதுதான் நேரம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆம் பிரிவில் நம்மைப் போன்றவர்களே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதனைக்குக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தோடு சாப்பிடப் போகிற எவர் அப்படிச் சொல்வார்? இருந்தாலும் துறைக்கு ஒரு புகார் போடுங்கள். உங்கள் சுக்கா கிடைக்காவிட்டாலும், அந்த சமையலறையின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்க அதிகாரிகளுக்கு அது ஒரு காரணமாகும்.

பில்லை மட்டும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பில் தாளில் அச்சு நாளடைவில் மங்கிவிடும்.