வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் வருகிறதே, மலேசியாவில் பத்திரிகை இன்னும் எதற்கு?

தேவை. எங்கள் லிப்ட் கதையைச் சொன்னால் புரியும்.

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, பதினான்காம் மாடி. சில வருடங்களுக்கு முன் இரண்டு லிப்டும் ஏழு வாரம் ஓடவில்லை. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பகலாகக் குரல் பதிவு. கட்டடத்தை நிர்வகிக்கும் ஜேஎம்பி பணத்தைத் தின்றுவிட்டது, ஒய்பிக்கு, அதாவது தொகுதி உறுப்பினருக்கு, பங்கு போனது என்று ஆளுக்கொரு கதை. யாரிடமும் ஒரு காகிதம் கிடையாது.

ஒருநாள் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் எங்கள் கோபத்தை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கைக் கேட்டார். பார்த்தால், பாதி வீடுகளுக்கு மேல் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை. பழுது பார்க்கும் கம்பெனிக்குப் பாக்கி நின்றதால் அவர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். குழுவில் அதிகம் கத்தியவர் பாக்கிப் பட்டியலில் முன்னால் இருந்தார். எனக்கும் இரண்டு மாதம் பாக்கி. வாட்ஸ்அப் குழு எங்களுக்குப் பிடித்ததைச் சொன்னது, இந்த மனிதர் பிடிக்காததைக் கேட்டு எழுதினார். ஓட்டுப் போடும் ஊருக்கு அந்த வேலையைச் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதற்காக நம் பத்திரிகைகளைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். அதே நாளிதழை மறுநாள் புரட்டினால் பாதிப் பக்கம் மாலை போட்ட ஒய்பி படம், மீதி கோயில் திருவிழா. இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். 2012 வரை அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது வேட்டை நடந்தபோது தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூன்று பத்திரிகைகளுக்கும் பெர்மிட் பறிபோனது. தி ஸ்டார் பெரிய ஆங்கில நாளிதழ், அதிலும் ஆளுங்கூட்டணியில் இருந்த மசீச என்ற சீனர் கட்சியின் கையில் இருந்த பத்திரிகை. அதற்கே அந்தக் கதி என்றால் சின்னப் பத்திரிகை ஆசிரியர் என்ன செய்வார்? பேனாவைத் தொடும் முன்பே மனசுக்குள் செய்தியை அடித்துவிடுவார். நம் நாளிதழ்கள் பலவும் ஏதோ ஓர் அரசியல்வாதியின் குடும்பத்தையோ கட்சியையோ ஒட்டித்தான் வளர்ந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1999இல் மலேசியாகினி என்ற செய்தித் தளம் வந்தபோது இணையத்துக்கு அந்தப் பெர்மிட் தேவைப்படவில்லை. மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனாலும் 2021இல், வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காக கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. பொதுமக்கள் சில மணி நேரத்தில் அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

தமிழ்ப் பத்திரிகைக்கு அப்படிக் கொடுப்போமா? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. வருத்தப்பட்டுப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்று கேட்டால் அடிக்க வருவார்கள். நான் கேட்கவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் கிடக்கும் பேப்பரை, தே தாரிக் டீ ஆறுவதற்குள் ஓசியில் படித்துவிடும் ஆள் நான்.