பிராசஸ் அல்ஜீப்ரா, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களின் நடத்தையைக் குறியீட்டில் எழுதி ஒப்பிடும் பாடம், படித்தது வேலையில் யாருக்காவது உதவியிருக்கிறதா? இரண்டு நிரல்களின் வெளியீடு ஒன்றாக இருந்தால் போதாதா? இதுதானே உங்கள் கேள்வி?

நீங்கள் எம்.எஸ்சி.யோ எம்.டெக்கோ படிக்கிறீர்கள், விருப்பப்பாடத்தில் இதைத் தவிர மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது, தேர்வு நெருங்குகிறது. சரிதானே? நானும் அப்படி மாட்டியவன்தான். 1980 இல் ராபின் மில்னரின் சிசிஎஸ் என்ற குறியீட்டு மொழி, 1981 இல் இரண்டு செயல்முறைகள் சமமா என்று பார்க்க டேவிட் பார்க் தந்த பைசிமுலேஷன், இன்னொரு பக்கம் டோனி ஹோரின் சிஎஸ்பி என்ற இன்னொரு குறியீட்டு மொழி என்று மனப்பாடம் செய்து எழுதி 58 மார்க் வாங்கிவிட்டு, நோட்ஸைப் பரணில் போட்டேன். ஆகவே இது நிபுணர் பதில் இல்லை, பட்டவன் பதில்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னைச் சுட்டது. அதே வாக்கியத்தை நான் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா நீடாமங்கலம் பக்கம் நெல் அறுவடை வண்டிக்கு ஏஜென்ட். தை பிறந்தால் ஆத்தூர்ப் பக்கமிருந்து வண்டிகள் வந்து இறங்கும். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேறாக இருந்தால் பெல்ட் வண்டி. பெல்ட்டுக்கு மணி வாடகை அதிகம் என்பதால் எந்த விவசாயியும் முன்கூட்டியே வாயைத் திறக்க மாட்டார். முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். அறுப்பு அன்று காலையில் வரப்பில் நின்று காலால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, "டயரே போதும்", "பெல்ட் அனுப்புங்க" என்று போன் வரும். எல்லாம் ஒரு நீள நோட்டில் நடந்தது.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, சும்மா இருக்க முடியாமல், அந்த நோட்டுக்குப் பதிலாக ஒரு ஆப் எழுதினேன். சித்தப்பா போனிலும் அவர் மகன் போனிலும் ஒரே நேரத்தில் பதிவு விழும் என்பதால், ஒரே வண்டி இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாது என்று, முன்பணம் விழுந்த கணமே ஒரு வண்டியைப் பிடித்துப் பூட்டினேன். டயருக்கு ஒரு வரிசை, பெல்ட்டுக்கு ஒரு வரிசை. எது முதலில் பதில் சொல்கிறதோ அந்த வண்டி. பழைய நோட்டையும் ஆப்பின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்டில் "முன்பணம், டயர்" உண்டு, "முன்பணம், பெல்ட்" உண்டு. ஆப்பிலும் அதே இரண்டு. "வெளிய வர்றது ஒண்ணுதானே சித்தப்பா, அப்புறம் என்ன?"

2021 ஜனவரி மழை டெல்டாக்காரர்கள் யாருக்கும் மறக்காது. பொங்கலை ஒட்டிக் கொட்டியது, அறுப்புக்கு நின்ற சம்பா அப்படியே சாய்ந்தது. எல்லோருக்கும் பெல்ட் வேண்டும். ஆப்போ பாதிப் பேருக்கு டயரைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. பெல்ட் வண்டி ரோட்டோரம் சும்மா நிற்கிறது, ஆனால் அது இன்னொருவர் பேரில் பூட்டியிருக்கிறது. சித்தப்பா போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "டேய் தம்பி, நான் காசு வாங்குறப்ப ஒண்ணும் முடிவு பண்ணலடா. உன் மிஷினு ஏன்டா முன்னாடியே முடிவு பண்ணுது?"

பரணிலிருந்த பாடம் அதுதான். மில்னரின் குறியீட்டில் நோட்டு என்பது முன்பணம்.(டயர் + பெல்ட்). என் ஆப் முன்பணம்.டயர் + முன்பணம்.பெல்ட். புள்ளி என்றால் 'அதற்குப் பிறகு', கூட்டல் குறி என்றால் 'இதுவோ அதுவோ'. இரண்டிலிருந்தும் வெளிவரும் நிகழ்ச்சி வரிசைகள், அதாவது ட்ரேஸ்கள், அச்சாக ஒன்று. எந்த வண்டி என்ற முடிவு எந்த இடத்தில் நடக்கிறது என்பதுதான் வேறு. எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வதென்றால், வெண்ணாற்றுத் தண்ணீர் மூணாறு தலைப்புக்கு வந்த பிறகுதான் வெண்ணாறா, கோரையாறா, பாமணியாறா என்று பிரிகிறது. "உன் பங்கு கோரையாற்றுக்கு" என்று கல்லணையிலேயே ரகசியமாக முடிவு செய்துவிட்டால், மூணாறு தலைப்பில் ஷட்டருக்காகச் சண்டை போட்டு என்ன பயன்?

பைசிமுலேஷனை ஆடுபுலி மாதிரி இரண்டு பேர் ஆட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். தாக்குபவர் ஏதாவது ஒரு பக்கத்தில் ஓர் அடி வைப்பார், எதிராளி மற்ற பக்கத்தில் அதே பெயருள்ள அடியை வைக்க வேண்டும். தாக்குபவர் நடுவில் பக்கம் மாறலாம். எதிராளி ஒருபோதும் மாட்டாமல் ஆடிக்கொண்டே போக முடிந்தால் இரண்டும் சமம். இங்கே தாக்குபவர் நோட்டில் "முன்பணம்" வைக்கிறார். ஆப் பதிலுக்கு வைத்ததுமே டயர் பக்கமோ பெல்ட் பக்கமோ விழுந்துவிடுகிறது. விழாத வண்டியை நோட்டில் கேட்டால் போதும், இரண்டே அடியில் ஆட்டம் முடிந்தது.

"ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால் பிடித்திருக்கலாமே" என்று பின்னூட்டம் போடத் துடிப்பவர்களுக்கு: எழுதினேன் ஐயா. முன்பணம் கட்டி பெல்ட் கேட்கும் டெஸ்ட். ஒரு தடவை தோற்றது, மறுபடி ஓட்டினேன், தேறியது. நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிட்டேன். நீங்கள் மட்டும் என்ன செய்திருப்பீர்கள்? சிஎஸ்பி ஆட்கள் வேறு வருவார்கள், இதற்கு பைசிமுலேஷன் வரை போக வேண்டாம், ஃபெயிலியர்ஸ் சமானமே, அதாவது எந்த வரிசைக்குப் பிறகு எதை மறுக்கலாம் என்பதையும் சேர்த்து ஒப்பிடுவதே, பிடித்துவிடும் என்று. உண்மைதான், பிடித்திருக்கும். நான் எம்சிஆர்எல்2 என்ற சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். ட்ரேஸ் சமமா என்றதற்கு ஆமாம் என்றது, பைசிமுலேஷன் என்றதற்கு இல்லை என்றது. காரணமும் கொடுத்தது: முன்பணத்துக்குப் பிறகு பெல்ட் இயலாத நிலை ஒன்று ஆப்பில் உண்டு, நோட்டில் இல்லை. சித்தப்பா போனில் சொன்னதேதான், எந்த அடி இயலும், எது இயலாது என்று சொல்லும் ஹென்னஸி-மில்னர் தர்க்கத்தில்.

இதைக் கணினியே தீர்மானிக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். நிலைகள் எண்ணி முடியக்கூடியவை என்றால் முடியும், வேகமாகவும் முடியும். எல்லா நிலைகளையும் ஒரே கூடையில் போட்டு, வேறுபாடு தெரியத் தெரியப் பிரித்துக்கொண்டே போவது. கனெல்லாகிஸும் ஸ்மோல்காவும் 1983 இல் வழி சொன்னார்கள், பெய்ஜும் டார்ஜனும் 1987 இல் அதை எம் லாக் என் அளவுக்குக் கொண்டுவந்தார்கள் (எம் என்பது அடிகளின் எண்ணிக்கை, என் என்பது நிலைகளின் எண்ணிக்கை). எனக்கு வியப்பு என்னவென்றால், பார்க்க எளிதாகத் தெரியும் ட்ரேஸ் சமானம்தான் கஷ்டம், பிஸ்பேஸ்-முழுமை, அதாவது வேகமான வழி இருக்காது என்று நம்பப்படும் வகை. எல்லையற்ற நிலைகளிலும் இந்த வினோதம் தொடர்கிறது. இரண்டு சூழல்சாரா இலக்கணங்கள் (சொல்வரிசைகளை உருவாக்கும் ஒரு வகை விதித்தொகுப்புகள்) ஒரே மொழியைத் தருகின்றனவா என்பது தீர்மானிக்க முடியாத கேள்வி. அதே இலக்கணங்களைச் செயல்முறைகளாகப் பார்த்து பைசிமுலேஷன் கேட்டால் தீர்மானிக்கலாம். முதலில் 1987 இல் பேட்டன், பெர்க்ஸ்ட்ரா, க்ளோப் ஒரு வகைக்குக் காட்டினார்கள், 1992 இல் கிறிஸ்டென்சன், ஹூட்டல், ஸ்டர்லிங் முழுவதுக்கும். ஆனால் இடத்துக்கு இடம் வில்லைகள் நகர்வதாக வரையும் பெட்ரி வலைக்குப் போனால் கதை முடிந்தது. அங்கே தீர்மானிக்கவே முடியாது என்று யான்சார் 1990களில் நிரூபித்துவிட்டார். முன்பதிவுகளுக்கு வரம்பே வைக்காவிட்டால் என் வண்டி வரிசையும் பெட்ரி வலைதான். அதனால் 2 டயர், 2 பெல்ட், 2 விவசாயி என்று வெட்டிக்கொண்டுதான் சோதித்தேன்.

வேலைக்கு உதவுமா என்ற முதல் கேள்விக்கு என்னைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? நீதம்-ஷ்ரோடர் பாதுகாப்பு நெறிமுறை 1978 இல் வந்தது. அதன் பொதுத்திறவு (பப்ளிக் கீ) வடிவத்தில் இருந்த ஓட்டையை 1995 இல்தான் கேவின் லோ வெளியிட்டார். அடுத்த வருடம் அதே ஓட்டையை சிஎஸ்பியும் அதில் எழுதிய மாடல்களைச் சோதிக்கும் எஃப்டிஆர் கருவியும் எப்படிப் பிடிக்கின்றன என்று காட்டினார். அத்தனை வருடம் படித்துப் பார்த்தவர்கள் எல்லாம் என்ன முட்டாள்களா?

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. அந்த மழையில் எப்படியோ அறுத்து முடித்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் பெரியப்பா தார்ப்பாயை விரித்துக்கொண்டு நெல் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். மழையில் அறுத்த நெல்லில் ஈரம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான். மட்டறுத்துநர் வேண்டுமானால் இந்தப் பத்தியை மட்டும் நீக்கிக்கொள்ளட்டும்.

ஆப்பைத் திருத்தினேன். முன்பணத்தின்போது இரண்டு வகையிலும் ஒவ்வோர் இடம் பிடித்து வைத்து, விவசாயி வகை சொன்னதும் மற்றதை விடுவிப்பது. மாடலை ஓட்டினால் பைசிமுலேஷன் ஆமாம் என்றது. பெருமையோடு காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நாலு பேருக்கு மேல எழுத விடமாட்டேங்குதேடா" என்றார். அவர் நோட்டில் அந்தக் கணக்கே கிடையாது. வண்டி பத்தாவிட்டால் கொரடாச்சேரி ஏஜென்டுக்குப் போன் போடுவார். அந்தப் போன் என் மாடலில் இல்லை.