போர் விமானிகளுக்கும் பயணிகள் விமானிகளுக்கும் உண்மையிலேயே ஆகாதா?

ஆகாது என்பதெல்லாம் மிகை, சீண்டல் உண்டு. எங்கள் சேலையூர் தெருவில் விமானப்படையில் ஓய்வுபெற்ற ஒருவரும் ஏர்பஸ் ஓட்டும் ஒருவரும் எதிரெதிர் வீடு. "பஸ் டிரைவர் வந்தாச்சா?" என்று முன்னவர் கேட்பார். "பஸ்ஸில் நூற்றெண்பது பேர் வருகிறார்கள் சார், உங்களுடையதில்?" என்பார் மற்றவர். பிறகு இருவரும் காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளங்கையையே விமானமாகச் சாய்த்து, குறுக்குக் காற்றில் இறங்குவதைப் பற்றி வாதாடத் தொடங்கிவிடுவார்கள்.

கேலிக்கு அடியில் பயிற்சி வேறுபாடு இருக்கிறது. போர் விமானி பெரும்பாலும் தனியாகவே முடிவெடுத்துப் பழகியவர். பயணிகள் விமானத்திலோ துணை விமானி "வேண்டாம்" என்றால் கேப்டன் காது கொடுத்தாக வேண்டும். 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலைய ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமலே ஒரு கேப்டன் கிளம்பியிருந்தார்; விமானி அறையில் உடனிருந்த விமானப் பொறியாளர் எழுப்பிய சந்தேகம் எடுபடவில்லை. குழுவாக இயங்கும் பயிற்சி வேரூன்ற அதுவும் ஒரு காரணம். படையிலிருந்து வருபவர்களுக்குச் சிரமம் தருவது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான், விமானம் அல்ல என்பது என் எண்ணம்.

ஆனால் எல்லைக்கோடு நாம் நினைப்பதுபோல் அழுத்தமானதல்ல. அரக்கோணம் கடற்படைத் தளத்தின் பி-8ஐ கண்காணிப்பு விமானம், போயிங் 737இன் உறவுக்காரன். அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸும் இருவருக்கும் பொது. யாராவது உயிராபத்தில் "மேடே" என்று உதவிக்கு அழைத்தால் மற்றவர்கள் வாய்மூடிக்கொள்வார்கள். அப்போது பஸ் டிரைவர் பேச்செல்லாம் கிடையாது.