தடைக்காலத்தில் டார்ச் பேட்டரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் விசைப்படகு டார்ச்லைட்டில் 18650 லித்தியம் செல் (சார்ஜ் ஏற்றக்கூடிய உருளை பேட்டரி) இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது ஃபுல் சார்ஜ் ஏற்றி கேபினிலேயே வைத்தோம். முன்பு 3 மணி நேரம் எரிந்தது, இப்போது 2 மணி நேரம்கூட நிற்பதில்லை. ஐஸ் அறைக்குள் இறங்கினால் இன்னும் மங்குகிறது. செல் போலியா?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. ஐஸ் அறையில் மங்குவதற்குக் கவலை வேண்டாம். குளிரில் செல்லின் உள் மின்தடை கூடி வோல்டேஜ் இறங்குகிறது. மேலே வந்து அரை மணி நேரம் போனால் வெளிச்சம் திரும்பிவிடும். ஆனால் ஜில்லென்ற செல்லை உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். வேர்த்திருக்கும் ஈரத்தையும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங்கில் பச்சை பூக்கும்.

தடைக்காலத்தில் செல் இழந்த சார்ஜ் தாங்கும் திறன் திரும்பாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அக்னி நட்சத்திரமும் அதற்குள்ளேதான் வருகிறது. மூடிய கேபின் அனலில், 4.2 வோல்ட் நிறைந்த செல்லுக்குள் எலக்ட்ரோலைட் எனும் திரவம் மெல்லச் சிதைந்து, லித்தியத்தின் ஒரு பகுதியைப் பூட்டிப்போட்டுவிடும். சூடும் ஃபுல் சார்ஜும் சேர்வதுதான் செல்லுக்கு எமன். நல்ல செல்லுக்கும் இதே கதிதான். (போலியா என்று பார்க்க எடை போடுங்கள்: நல்ல 18650 சுமார் 45 கிராம் இருக்கும். கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால் அது பொய்.)

அடுத்த தடைக்காலத்துக்கு முன் டார்ச்சை எரியவிட்டு, மல்டிமீட்டரில் 3.7 - 3.8 வோல்ட் (ஏறக்குறைய பாதி சார்ஜ்) காட்டும்போது நிறுத்துங்கள். செல்லைத் தனியே கழற்றி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வீட்டில் வெயில் படாத கீழ்த்தட்டில் வையுங்கள். தகர ஷீட் கூரையை ஒட்டிய பரண் வேண்டவே வேண்டாம். செல்லின் மேல்தோல் கிழிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் முனையருகே கிழிந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லுக்கு உயிர் கொடுக்கப் பார்க்காதீர்கள், ஆபத்து.

தொழிலுக்குப் போகும் நாட்களிலும், எரிந்து சூடேறிய டார்ச்சை ஆறவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். 45 டிகிரிதான் மேல் வரம்பு.

கேள்வி: 4 வோல்ட் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி டார்ச்சையும் பாதி சார்ஜில் வைக்கலாமா?
- ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: கூடாதும்மா. அதற்கு நேர் எதிர் வழி: ஃபுல்லாக ஏற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள். காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடும். சூடு மட்டும் இதற்கும் ஆகாது. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.