வீட்டுக் கிம்ச்சியா, கடைக் கிம்ச்சியா? ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மருத்துவர் பதில்

கேள்வி: தென் கொரியாவின் சுவோன் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வயது 42. நான்கு மாதமாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. எடுத்துவருகிறேன். அலுவலக உணவகத்தில் மதியம் தினமும் கிம்ச்சி (கோஸை உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கொரிய ஊறுகாய்) உண்டு. இரவுக்கும் கடைப் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறோம். கடைக் கிம்ச்சியில் உப்பு அதிகம், நல்ல பாக்டீரியாவும் இருக்காது, வீட்டிலேயே போட்டுக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். சோடியம் குறைந்த உப்பில் போடலாமா? மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி, அவரும் சாப்பிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது அந்தச் சோடியம் குறைந்த உப்புதான். இப்போதைக்கு அதை வாங்காதீர்கள். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். நீங்கள் சாப்பிடும் டெல்மிசார்டனோ, சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதைக் குறைக்கும் மருந்து. இரண்டும் சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பின் சீர் கெடக்கூடும். சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு இந்த அபாயம் குறைவு. ஆனால் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் பொட்டாசியம் அளவையும் நீங்கள் எழுதவில்லை. மாத்திரை தொடங்கிய பிறகு அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். முடிவைப் பார்த்து உங்கள் மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே அந்த உப்பு.

அடுத்தது, கடைக் கிம்ச்சியில்தான் உப்பு அதிகம் என்ற பேச்சு. பாக்கெட்டின் பின்புறம் சத்து அட்டவணையில் 'நாட்ரியும்' என்று கொரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். சோடியத்துக்கு அங்கே அதுதான் பெயர். 100 கிராம் பெச்சுக் கிம்ச்சிக்கு, அதாவது நீளமான சீனக் கோஸில் போட்டதற்கு, பெரும்பாலும் 500 முதல் 700 மி.கி. வரை போட்டிருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 600 மி.கி. சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. வீட்டில் வழக்கமான முறையில் போடும் கிம்ச்சியில் உப்பு பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 100 கிராமில் 2 கிராம் உப்பு என்றாலே சோடியம் 800 மி.கி.யை நெருங்கிவிடும். ஆக, வீட்டில் செய்வதாலேயே உப்பு குறையும் என்று நம்பாதீர்கள். பல வீடுகளில் கடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். தொழிற்சாலையில் உப்பை அளக்கக் கருவி இருக்கிறது. வீட்டில் நாக்குதான் அளவுகோல்.

"சரி, வீட்டில் பாதி உப்பு போட்டுச் செய்கிறேன்" என்று உடனே தோன்றும். அதையும் செய்யாதீர்கள். கிம்ச்சியில் உப்பின் வேலை சுவை மட்டும் இல்லை. கோஸ் இலையின் நீரை வெளியே இழுத்து, கெடுக்கும் கிருமிகளைத் தடுத்து, லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ள இடம் பிடித்துக் கொடுப்பது அதுதான். உப்பு ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே போனால் கோஸ் கொழகொழத்துப் போகும், வேண்டாத கிருமிகள் அமிலம் ஏறுவதற்குள் பெருக வாய்ப்புக் கிடைக்கும். ஜாடியில் உப்பு சரியாக இருக்கட்டும், தட்டில் கிம்ச்சியைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மி.கி. சோடியம். வேளைக்கு 30 கிராம், ஏறக்குறைய நான்கைந்து துண்டுகள் என்று வைத்துக்கொண்டால், 2 சதவீதக் கிம்ச்சியில் 240 மி.கி. சோடியம்தான். நம்மூர் ஊறுகாயை நாம் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடுவோம். கிம்ச்சியையோ பொரியல் மாதிரி அள்ளிச் சாப்பிடத் தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

உங்களுக்கு வீட்டில் போடுவதால் ஒரு லாபம் உண்டு: எவ்வளவு உப்பு என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கொரிய வீடுகளின் வழக்கத்திலிருந்து சற்று விலக வேண்டும். அவர்கள் கோஸைக் கெட்டி உப்புநீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசுவார்கள். இலைக்குள் எவ்வளவு தங்கியது, எவ்வளவு கழுவிப் போனது என்று சொல்ல முடியாது. குளிர்காலத்துக்கு வீடுகளில் மொத்தமாகக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் காலத்தில், நவம்பர் டிசம்பரில், பெட்டியாக விற்கும் ஜொரிம் பெச்சுவும், அதாவது ஏற்கெனவே உப்பில் ஊறிய கோஸும், இதே ரகம்தான். அலசாத முறையில் போடுங்கள்.

சமையல் தராசு ஒன்று வேண்டும்; கரண்டி அளவு வேண்டாம், ஏனென்றால் கல்லுப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை நிற்கும். பெச்சுக் கோஸை இலை இலையாகப் பிரித்து, அடித்தண்டில் ஒட்டிய மண் போக ஓடும் நீரில் கழுவி, நீரை நன்றாக வடித்து, 4 செ.மீ. துண்டுகளாக நறுக்கி 1 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு 22 கிராம் தூவிப் பிசறி 3 மணி நேரம் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அடி மேலாகப் புரட்ட வேண்டும். வெள்ளைத் தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுவே பதம். ஊறிய நீரைக் கொட்டாதீர்கள். நீங்கள் அளந்து போட்ட உப்பு அதில்தான் இருக்கிறது.

இதற்கிடையே, 1 மேசைக்கரண்டி பச்சரிசி மாவை 100 மி.லி. நீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, முழுவதும் ஆறவிடுங்கள். சூடாகக் கலந்தால் வேலை செய்ய வேண்டிய பாக்டீரியாவே செத்துவிடும். ஆறிய கூழில் அரைத்த பூண்டு 30 கிராம், இஞ்சி 5 கிராம், கொச்சுக்காரு 35 கிராம், மீன் சாஸ் 25 மி.லி. கலக்குங்கள். கொச்சுக்காரு என்பது விதை நீக்கிய, கொரகொரப்பான, காரம் மட்டான மிளகாய்த்தூள். ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பார் மிளகாய்த்தூளை அதே 35 கிராம் போட்டால் வயிறு எரிந்துவிடும். காஷ்மீரி மிளகாயைக் கொரகொரவென்று இடித்துக்கொண்டால் ஓரளவு ஈடாகும். குச்சியாக நறுக்கிய முள்ளங்கி 200 கிராம், வெங்காயத்தாள் 50 கிராம் சேர்த்து எல்லாவற்றையும் கோஸோடு பிசையுங்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். மீன் சாஸின் உப்பையும் கணக்கில் சேர்த்தால் மொத்த உப்பு 2 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

2 லிட்டர் கண்ணாடி ஜாடியில் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி நிரப்புங்கள். மேலே ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். கரியமில வாயு கிளம்பிச் சாறு பொங்கி வழியும். 20 டிகிரி அறையில் ஒன்றிலிருந்து இரண்டு நாள், பிறகு 4 டிகிரியில் குளிர்பதனப் பெட்டி. வெளியே இருக்கும் நாட்களில் தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்தி, சுத்தமான கரண்டியால் துண்டுகளைச் சாறுக்குள் அமுக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நன்றாகப் பழுத்துவிடும். புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். தாள் வாங்கிக்கொள்வது நல்லது: 4.6க்குக் கீழே வந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சைத் தரும் கிருமி வளர முடியாது, 4.2 முதல் 4.5 வரை சுவைக்கும் உகந்த பதம். மிளகாயின் சிவப்பு தாளில் ஏறிக் குழப்பும் என்பதால், சாறு ஊறிப் பரவும் ஓரத்தின் நிறத்தைப் பாருங்கள்.

கெட்டுப்போனதா என்று தெரியாமல் நல்லதைக் கொட்டுபவர்களும் உண்டு, கெட்டதைச் சாப்பிடுபவர்களும் உண்டு. மேலே படியும் மெல்லிய வெள்ளை ஆடை ஒருவகை ஈஸ்ட், காற்றுப் பட்டதால் வருவது. குவாங்ஜுவில் உள்ள உலகக் கிம்ச்சி ஆய்வு நிலையம் இதை ஆராய்ந்து, அந்த ஈஸ்ட்களில் நச்சுத்தன்மை தென்படவில்லை என்று சொல்லியிருக்கிறது. வழித்து எடுத்துவிட்டு, மீதியைக் கழுவிச் சமைத்துச் சாப்பிடலாம். பச்சை, கறுப்பு, நீல நிறத்தில் பஞ்சு போல் நிற்பது பூஞ்சை. ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள், மேலே மட்டும் அள்ளிப் போட்டுப் பயனில்லை. சாறு நூல் நூலாக இழுத்தால் சர்க்கரை கூடிவிட்டது என்று அர்த்தம்: லியூகோனாஸ்டாக் பாக்டீரியா சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக மாற்றுகிறது. புளிப்பு ஏறும்போது பெரும்பாலும் அதுவே அடங்கும். புளிப்பு வாசம் இல்லாமல் அழுகல் வாடை வந்தால் நாக்கில்கூட வைக்காதீர்கள்.

அந்த லியூகோனாஸ்டாக் நமக்குப் புதியதல்ல. நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு இதற்குத்தான். இட்லி வெந்ததும் அது இறந்துவிடுகிறது. கிம்ச்சியைச் சமைக்காமல் உண்பதால் உயிரோடு உள்ளே போகிறது.

கொரியக் குளிர்பெட்டிகளில் விற்கும் பெரும்பாலான கிம்ச்சியிலும் பாக்டீரியா உயிரோடுதான் இருக்கும். பாக்கெட் உப்பியிருப்பதே அதற்குச் சாட்சி. அதைக் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், தேதியை மட்டும் பாருங்கள். டப்பாவில் அடைத்து அறை வெப்பத்தில் விற்பது, வதக்கிய பொக்கும் கிம்ச்சி, கொதிக்கும் கிம்ச்சிக் குழம்பான ஜிகே இவற்றில்தான் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. இதற்காக ரத்த அழுத்தம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2021இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 36 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 10 வாரம் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா எனப் பலவகைப் புளித்த உணவுகளைக் கொடுத்தார்கள். அவர்களின் குடல் பாக்டீரியா வகைகள் கூடின, அழற்சி காட்டும் சில புரதங்கள் குறைந்தன. சின்ன ஆய்வு, கிம்ச்சியை மட்டும் தனியாகச் சோதித்ததும் அல்ல. நீங்கள் மோர் குடித்தாலும் இந்த வழியில்தான் போகிறீர்கள், அதுவும் இவ்வளவு உப்பில்லாமல்.

மனைவி சாப்பிடலாம், நன்றாகப் புளித்ததை மட்டும். அன்றே பிசைந்து பரிமாறும் கொத்ஜொரி அவருக்கு வேண்டாம். பச்சைக் கோஸில் கிருமி இருந்தால் அதைக் கொல்லும் அமிலம் அதில் இன்னும் உருவாகியிருக்காது. கடைப் பண்டம் என்றாலும் நூறு சதவீதப் பாதுகாப்பு கிடையாது: 2021 இறுதியில் கனடாவின் ஆல்பெர்ட்டா, சஸ்காட்சுவான் மாநிலங்களில் கடைக் கிம்ச்சியால் ஈ. கோலை ஓ157 தொற்று பரவியது. கிம்ஜாங் காலத்தில் பச்சைச் சிப்பி சேர்த்துப் பிசையும் கிம்ச்சியையும் அவர் தொடக் கூடாது, அதில் நோரோவைரஸ் வரலாம். வீட்டில் போட்டால் மூன்று வாரம் கழித்துக் கொடுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் காரமில்லாத வெள்ளைக் கிம்ச்சியான பேக் கிம்ச்சி நல்லது. அவர் சைவம் என்றால் பாக்கெட்டில் மீன் சாஸும் இறால் ஊறலும் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவருக்கும் இதே எச்சரிக்கை.

வீட்டுக்கு வரும் உறவினர் யாராவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டால் கிம்ச்சியை ஒரே அளவில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கோஸில் வைட்டமின் கே உண்டு, அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர், லைன்சோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் எடுப்பவர் பழைய, நன்றாகப் புளித்த கிம்ச்சியை மருந்து முடியும்வரை தவிர்க்கட்டும். புளிக்கும்போது சேரும் டைரமினும் ஹிஸ்டமினும் அவர்களுக்குத் தலைவலி, படபடப்பு, ரத்த அழுத்த உயர்வு கொடுக்கலாம்.

உங்களுக்கு மதியம் ஒரு வேளை போதும். அலுவலகத்தில் சாப்பிட்ட அன்று இரவு கிம்ச்சியும் வேண்டாம், ஜிகேயும் வேண்டாம். அந்தக் குழம்பில் கிம்ச்சி உப்போடு மற்ற உப்பும் சேர்கிறது. ஜாடியில் மிஞ்சும் சாறைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் இப்படி இருந்து, காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவு படுக்கும் முன்பும் உட்கார்ந்து 5 நிமிடம் ஓய்வெடுத்தபின் இரண்டிரண்டு முறை அளந்து எழுதிவையுங்கள். சராசரி 135/85க்கு மேலே நின்றால் அந்தத் தாளோடும் ரத்தப் பரிசோதனை முடிவோடும் மருத்துவரிடம் போங்கள்; மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.